மணி அடிக்காத பள்ளிக்கூடம்

போன மாதம் எங்கள் காலனியே ஒரு வாரம் லேட்டாக ஓடியது. காரணம் – பின்தெருப் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஆளுக்கு இரண்டு செல்போன் வைத்திருக்கிற கீழ்க்கட்டளையில் பள்ளிக்கூட மணியை நம்பியா வாழ்கிறீர்கள்? ஆமாம், அப்படித்தான் வாழ்கிறோம். முதல் பெல்லுக்குத்தான் நான் பேப்பரை மடித்துவிட்டுக் குளிக்கப் போவேன். எதிர் வீட்டு தாமோதரன் சார், ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், இன்டர்வெல் பெல்லுக்கு பிரஷர் மாத்திரை போடுவார். மணி நின்ற வாரம் நான் எத்தனை நாள் குளித்தேன் என்பது என் மனைவிக்கு மட்டுமே தெரியும்.

அசோசியேஷன் சார்பில் புகார் சொல்ல என்னை அனுப்பினார்கள். பத்திரிகையில் எழுதுகிறவன், பயப்படுவார்கள் என்பது தாமோதரன் சாரின் கணக்கு.

ஹெட்மிஸ்ட்ரஸ் பயப்படவில்லை. எந்தப் பத்திரிகை என்று கேட்டார். சொன்னேன். பல் டாக்டர் கிளினிக்கில் பார்த்திருப்பதாகச் சொல்லி, ஆறுதலாக ஒரு டீ வரவழைத்தார். பிறகு, "மணி விஷயம்னா ஸ்டெல்லா மிஸ்கிட்ட பேசுங்க" என்று கைகாட்டிவிட்டார்.

ஸ்டெல்லா மிஸ் அங்கே ஸ்பெஷல் எஜுகேட்டர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளைகள், ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைகள், பேச்சு தாமதமாக வந்த பிள்ளைகள்... எல்லாருக்குமாக மாடிப்படி பக்கத்தில் ஒரு ரூம். பாய், ஊஞ்சல், சுவர் முழுக்கப் படங்கள். மூலையில் ஒரு சிறுமி. பெயர் யாழினி, மூன்றாம் வகுப்பு, ஆட்டிசம் உண்டு. காதில் பெரிய நீல ஹெட்போன். மடியில் மிஸ்ஸின் செல்போன்.

நமக்கு அது மணி. அவளுக்கோ தலைக்குள் டிரில்லிங் மிஷின். ஒவ்வொரு பெல்லுக்கும் காதைப் பொத்திக்கொண்டு வகுப்பை விட்டு ஓடுவாளாம். ஒருநாள் கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்கே போய்விட்டாள். ஆட்டோ ஒன்று கிறீச்சிட்டு நின்றது... நல்லவேளை, நின்றது. அன்றைக்கே அவள் அப்பா முடிவு செய்துவிட்டார் – இனி ஸ்கூலே வேண்டாம்.

ஸ்டெல்லா மிஸ் வீட்டுக்கே போய்ப் பேசி, தினமும் ஒரு மணி நேரம் இந்த ரூமுக்கு மட்டுமாவது அழைத்துவரச் சம்மதிக்க வைத்திருக்கிறார். கையோடு பள்ளிக்கூட மணியையும் நிறுத்தியாயிற்று. பீரியட் முடிந்தால் ஆயாம்மா ஒரு பச்சை அட்டையைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாக நடக்கிறார்.

"அப்போ இனிமே மணியே கிடையாதா மிஸ்?"

"எத்தனை மணிய சார் நிறுத்த முடியும்? வீட்ல குக்கர் இருக்கு, ரோட்ல ஹாரன் இருக்கு" என்றவர், அவள் மடியைக் காட்டினார்.

அந்தப் போனில் பள்ளிக்கூட மணி பதிவாகியிருந்தது. கேட்பதும் கேட்காததும் அவள் இஷ்டம். முதல் சில நாள் போனைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டாளாம். அப்புறம் மிகக் குறைந்த சத்தத்தில் ஒரு விநாடி. நான் பார்க்கும்போதே ஒருமுறை அமுக்கினாள். உடனே நிறுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள் – நான் ஓடுகிறேனா என்று பார்த்திருப்பாள் போல.

"சத்தம் மட்டும் பிரச்சனை இல்ல சார். அது எப்போ வரும், எப்போ நிக்கும்னு அவளுக்குத் தெரியாது. அதான் பயம்."

யோசித்தேன். பத்தி அனுப்ப வேண்டிய நாளில் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து போன் வந்தால் எடுக்கவே எனக்குப் பயம். நானே கூப்பிட்டுப் பேசினால் பயமில்லை. அதே ஆள், அதே குரல், அதே திட்டு. என்ன, எனக்குத்தான் யாரும் ரூம் ஒதுக்கவில்லை.

புகாரைச் சொல்லாமலே திரும்பினேன். அசோசியேஷனில் விஷயத்தைச் சொன்னதும் தாமோதரன் சார் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். பிறகு தன் போனை நீட்டி, "இதுல அலாரம் எப்படி சார் வைக்கிறது?" என்றார்.

போன வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா மிஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு விடுகிற லாங் பெல் மட்டும் இன்றைக்கு அடிக்கும், முடிந்தால் வாருங்கள் என்று.

ஆபீஸ் வராந்தாவில், மணியின் ஸ்விட்சுக்குக் கீழே ஒரு ஸ்டூல். அதன்மேல் யாழினி, ஹெட்போனோடு. கொஞ்சம் தள்ளி அவள் அப்பா – ஓடினால் பிடிக்க விக்கெட் கீப்பர் மாதிரி கைகளை விரித்துக்கொண்டு. ஸ்டெல்லா மிஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சைகைகூட இல்லை.

விரலை ஸ்விட்சில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

அடித்தாள்.

தோள்கள் இரண்டும் காது வரைக்கும் ஏறின. கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். ஓடவில்லை. நிறுத்தினாள். திரும்ப அடித்தாள். அப்புறம் இன்னொரு தடவை... இந்தத் தடவை மணி நிற்கிற வழியாக இல்லை. பையை மாட்டிக்கொண்ட பிள்ளைகள் வகுப்பு வாசல்களில் அப்படியே நின்றார்கள். பெரியவர்கள் ஒருவரும் தடுக்கவில்லை.

"போதும்" என்றாள் அவளே. ஸ்விட்சை அணைத்தாள்.

அப்பாவின் கைகள் இன்னும் விரிந்தபடியே இருந்தன. அப்படியே கேட்டார்: "திங்கக்கிழமையிலேர்ந்து கிளாசுக்கே அனுப்பட்டுமா மிஸ்?"

"அனுப்புங்க. ஆனா எல்லாருக்கும் முன்னாடி வந்துடணும் சார்" என்றார் ஸ்டெல்லா மிஸ், கொஞ்சம் கண்டிப்பாகவே. "மொத பெல் அடிக்கிறவங்க லேட்டா வரக் கூடாது."