வாசலில் நின்ற வருஷம்

யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் மதுரையில் இன்டர்மீடியட் படித்தேன். வகுப்பில் எழுபது பையன்கள், நான் ஒருத்தி. கல்லூரிக்கு என் மேல் அளவில்லாத அக்கறை. அந்த அக்கறை கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் நான் நிம்மதியாகப் படித்திருப்பேன்.

உடைந்த பெஞ்சுகளும் பழைய மேப்புகளும் கிடந்த ஓர் அறையைக் காலி செய்து, ஜன்னலுக்குப் பச்சைத் திரை கட்டி, ஒரு மண்பானையில் தண்ணீர் வைத்து, அதற்கு லேடீஸ் ரூம் என்று பெயர் எழுதினார்கள். இரண்டாம் வருஷம் எனக்காகவே ஒரு விதியும் செய்தார்கள். பையன்கள் நடுவே நான் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆகையால் மணி அடித்ததும் வகுப்பு வாசலில் வந்து நிற்க வேண்டும். புரொபசர் உள்ளே போய், பையன்கள் எழுந்து, உட்கார்ந்து, அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் நான் நுழையலாம்.

இன்னொரு விதி எல்லோருக்கும் பொது. ஆஜர் கூப்பிடும்போது உள்ளே இல்லாதவர் லேட். மூன்று லேட் சேர்ந்தால் ஒரு ஆப்சென்ட்.

இதோடு விட்டார்களா? பெண்களுக்கு மரியாதை தர வேண்டும் என்று பதிவேட்டில் என் பெயரை முதலில் எழுதினார்கள். புரொபசர் உட்கார்ந்ததும் பதிவேட்டைத் திறந்து "நம்பர் ஒன்" என்பார். நம்பர் ஒன் வாசலில் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருக்கும். எழுபத்தொன்றுவரை கூப்பிட்டு, பதிவேட்டை மூடிய பிறகே அவர் நிமிர்ந்து எனக்குத் தலையசைப்பார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் வாசலில் நின்றபடியே "பிரசன்ட் சார்" என்று கத்திவிட்டேன். பையன்கள் சிரித்தார்கள். "உள்ளே வராதவர் எப்படி பிரசன்ட் ஆக முடியும்?" என்று புரொபசர் கேட்டார். அவர் எங்களுக்கு லாஜிக் எடுப்பவர்.

மாணவர் குறைகளைக் கேட்கவென்றே ஒரு புரொபசர் இருந்தார். அவரிடம் போனேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். இரண்டு விதியும் நல்ல விதிகள், இரண்டுமே என் நன்மைக்காகச் செய்தவை என்று விளக்கினார். அவருடைய நோட்டில் 'குறை கேட்கப்பட்டது' என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மாசி மாதம் அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். முக்கால் பங்கு நாளாவது வந்திருந்தால்தான் பரீட்சை எழுதலாம்; அப்படி வராதவர்களின் பட்டியல் அது. அதிலும் முதல் பெயர் என்னுடையதுதான். ஒரு நாள்கூட லீவு போடாமல், வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு நாள் கல்லூரிப் பக்கமே வராதவளாகிவிட்டேன்.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அப்பாவுக்குப் பருத்தி மண்டி. எழுமலையில் இருந்த என் தாய்மாமன் தன் மகனுக்கு என்னைக் கேட்டு, ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். இரண்டு வருஷம் படிக்க விட்டதே அப்பாவின் தயவு. அந்த இரண்டு வருஷத்துக்கு என் கையில் ஒரு காகிதமாவது மிஞ்ச வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். அதற்கு மேல் எதையும் கேட்கத் தெரியாது.

ஆபீசில் ஹெட் கிளார்க் ஒரு பாரத்தை நீட்டினார். வராத நாட்களை மன்னிக்கக் கோரும் விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில் 'வாசலில் நின்றேன்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்ன தாயி இது? சீக்குல படுத்துக் கெடந்தேன்னு எழுது. நின்னேன்னு எழுதினா நான் எந்தக் கட்டத்துல போடுவேன்?"

"நின்னதுதானே நெசம்?"

"நெசத்துக்குக் கட்டம் இல்ல தாயி. சீக்குக்கு இருக்கு. புதன்கிழமை டாக்டர் வருவாரு, போய்ப் பாரு."

கல்லூரி டாக்டர் நேர்மையானவர். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். காய்ச்சல் இல்லாதவளுக்குக் காய்ச்சல் என்று எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "எங்கயாச்சும் வலிக்குதாம்மா?" என்றார்.

"வருஷம் பூராவும் வாசல்ல நின்னா கால் வலிக்காதா?" என்று வெடித்தேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. உடனே பேனாவைத் திறந்தார். கால்களில் பலவீனம், நெடுநாள் உபாதை என்று இங்கிலீஷில் அழகாக எழுதினார். ஹெட் கிளார்க் கட்டத்தில் போட்டார், பிரின்ஸ்பால் மன்னித்தார். எனக்கும் ஹால் டிக்கெட் கிடைத்தது.

ஆனால் உடல்நலக் காரணத்தால் மன்னிக்கப்பட்டால் அதைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மற்றொரு விதி இருந்தது எனக்குத் தெரியாது. கடிதம் மண்டிக்குப் போயிருக்கிறது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மண்டிக் கணக்குப்பிள்ளை சத்தமாகப் படித்துச் சொல்லியிருக்கிறார். பருத்தி வண்டியோடு வந்திருந்த மாமா அந்நேரம் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாராம்.

"நெடுநாள்னா எம்புட்டு நாளு?" என்று மாமா கேட்டாராம்.

"அதப் போடலிங்க" என்றாராம் கணக்குப்பிள்ளை.

மாமா காபியை முடித்துவிட்டு, வழக்கமாகக் கேட்கும் வெற்றிலைகூடக் கேட்காமல் எழுந்து போய்விட்டாராம்.

ஒரு வாரத்தில் ஆள் மூலம் செய்தி வந்தது. ஓடை தாண்டிக் காட்டுக்குப் போய்ப் பருத்தி எடுக்க வேண்டிய வீட்டுக்கு நடக்க மாட்டாத பெண் எப்படி ஒத்து வரும், மனசில் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்பா என் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"ஏத்தா, காலு எம்புட்டு நாளா வலிக்குது? எங்கிட்ட ஏன் சொல்லல?"

நான் வாயைத் திறந்தேன். சீக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் அந்தக் கட்டத்துக்காக எழுதியது என்று சொல்லத்தான் திறந்தேன். சொன்னால் அப்பா அன்றைக்கே வண்டி கட்டிக்கொண்டு எழுமலைக்குப் போய் மறுபடியும் பேசி முடித்துவிடுவார் என்பது அந்த ஒரு நொடியில் புரிந்தது.

"ஒரு வருஷமா வலிக்குதுப்பா" என்றேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வீட்டில் ஆட்டுக்கால் சூப்பு. அப்பாவே கடைக்குப் போய்ப் பொறுக்கி வாங்கி வருவார். குண்டுக்கல்லாக இருந்த கால்களை வைத்துக்கொண்டு, அவர் பார்க்கப் பார்க்க அதைக் குடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பரீட்சையில் பாஸானேன். இனி யார் கேட்டு வரப்போகிறார்கள், படிக்கிறவரை படிக்கட்டும் என்று அப்பா என்னை பி.ஏ.வில் சேர்த்தார். நான் கேட்கத் துணியாத ஒன்றைக் கல்லூரி தன் விதிகளாலேயே எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டது.

கல்லூரியும் சும்மா இருக்கவில்லை. பி.ஏ. வகுப்பின் முதல் நாள் போனபோது, என் சர்டிபிகேட்டை மனதில் வைத்து, வகுப்பு வாசலில் எனக்காக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தேன். உள்ளே புரொபசர் "நம்பர் ஒன்" என்றார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அப்பா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். மண்டியில் எல்லோரையும் விரட்டி விரட்டி நடப்பவர், மாசி வீதியில் என்னோடு வந்தால் மட்டும் நடையைக் குறைத்துக்கொள்வார். நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்று, எதையோ வேடிக்கை பார்ப்பதுபோல் கடைகளைப் பார்ப்பார். எனக்குக் கால் வலிக்கக் கூடாதாம், அதற்காக. எத்தனையோ தரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கடைசிவரை அவரோடு மெதுவாகவே நடந்தேன்.