பின்னால் இரண்டு சேனல்

அண்ணனின் வீடியோ கடையில் எடிட்டிங் முழுக்க அவள் பொறுப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள், அண்ணன் மவுஸைக் கையில் கொடுத்த நாளிலிருந்து அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். கடைக்கு வருகிறவர்கள் ‘சத்தமில்லாத அக்கா’ என்பார்கள்.

அண்ணனின் கேமராவில் ஒலி ஆறு சேனல்களில் பதிவாகும். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அதிர்வுக்கென்று ஒன்று. பின்னால் உள்ள இரண்டிலும் கேமராவுக்குப் பின்னால் நடப்பதுதான் விழும். அண்ணன் செருமுவான், லைட்காரரிடம் "அந்தம்மாவைக் கொஞ்சம் நகரச் சொல்லுய்யா" என்று எரிந்து விழுவான். யாருக்கு வேண்டும் அது? எந்தக் கல்யாணமானாலும் அந்த இரண்டையும் மியூட் செய்துவிட்டுத்தான் அவள் வேலையையே தொடங்குவாள். ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை.

தங்கையின் கல்யாண வீடியோவில் கை தவறிவிட்டது. கடையில் அவள் கேட்கிற ஸ்பீக்கரை மட்டும் அடக்க ஒரு பட்டன், வீடியோவில் இருக்கும் சேனலையே அடக்க இன்னொரு பட்டன். அவசரத்தில் முதலாவதை அழுத்திவிட்டாள். அவள் காதுக்கு எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது.

தங்கையின் புகுந்த வீட்டுக் கூடத்தில் சுற்றிலும் ஸ்பீக்கர். இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பார்த்தது. திரையில் தங்கை சிரித்துக்கொண்டிருக்கும்போது, சோபாவுக்குப் பின்னாலிருந்த ஸ்பீக்கரில் தங்கையின் மாமனாருடைய குரல் வந்தது.

"உங்க பெரிய தங்கச்சியை எங்க அக்கா பையனுக்குக் கேக்கலாம்னு இருக்கோம். என்ன சொல்றீங்க?"

அடுத்து அண்ணன் குரல். "அவகிட்ட பேசிப் பாத்தாச்சுங்க. கல்யாணமே வேண்டாங்கறா. வற்புறுத்தினா அழுவா."

செருப்புச் சத்தம் விலகிப் போனது. பிறகு லைட்காரரிடம் அண்ணன் தணிந்த குரலில், "இவ போயிட்டா கடைக்குப் பூட்டுதான்யா."

எல்லோரும் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீ வேண்டாம்னு சொல்லலையா?" என்று மூத்தவளிடம் கேட்டார் மாமனார்.

அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே, "என்கிட்ட யாரும் கேக்கவே இல்லைங்க" என்றாள்.

"அடடா, எங்க அக்கா பையனுக்குப் போன மாசம்தானே வேற இடத்துல முடிச்சோம்."

அண்ணன் சிரித்தான். "இந்த மைக்கே இப்படித்தாங்க. கண்டதையும் பிடிச்சு வச்சுக்கும்." கூடச் சிரிக்க ஆள் இல்லை.

திரும்பும் வழியெல்லாம் அவன் பொரிந்து தள்ளினான். "ஒரு பட்டனை ஒழுங்கா அமுக்கத் துப்பில்ல! சம்பந்தி வீட்ல என் மானம் கப்பலேறிப் போச்சு." தன்மேல் பிசகு இருப்பதாக அவன் பேச்சில் ஓரிடத்திலும் வரவில்லை.

மறுநாள் தங்கை போன் செய்தாள். அவளாவது ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்வாள் என்று இவள் ஓடிப்போய் எடுத்தாள்.

"அக்கா, வீடியோவுல அந்த இடத்தை வெட்டிட்டு வேற காப்பி குடுக்கா. இங்க எல்லாரும் என் மூஞ்சியையே பாக்கறாங்க."

"சரிடி."

இந்த முறை சரியான பட்டனையே அழுத்தினாள். அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "இப்பப் பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு" என்று காப்பியை வாங்கிக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"ஏம்மா, நேத்து அண்ணன் சொன்னதைக் கேட்டு எல்லாரும் திரும்பிப் பாத்தாங்களே. நீ ஏன் பாக்கல?"

அம்மா தேய்த்து வைத்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள்.

"கழுத்து வலிடி" என்றாள் அம்மா.