புத்தகத்தை மூடச் சொன்ன வருஷம்

விஷக் காய்ச்சல் பரவிய அந்த வருஷம், நான் இராமநாதபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்த விஞ்ஞான டீச்சர். உலகம் முழுக்க இதே காய்ச்சல்தான் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். வகுப்பில் பாதிப் பெஞ்சுகள் காலியானதும் பள்ளியை மூடி, ஹாஸ்டல் பிள்ளைகளை ரயிலேற்றி அனுப்பினோம். பிறகு நானும் படுத்துவிட்டேன்.

மறுபடி திறந்தபோது அரைப்பரீட்சை நெருங்கியிருந்தது. போர்ஷனை எப்படியாவது முடிக்க வேண்டும் என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். ஐந்தாம் பாரத்துக்கு, அதாவது பத்தாம் வகுப்புக்குப் போய், "வெப்பம் பாடம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு டீச்சர்" என்றது வகுப்பு. ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள். இராமேஸ்வரத்து மீனவர் வீட்டுப் பெண், ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். அதுவரை வகுப்பில் அவள்தான் முதலாவது.

"பாத்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரித்தான் இருக்கு டீச்சர். புத்தகத்த மூடுனா ஒண்ணும் நிக்க மாட்டேங்குது."

பின்பெஞ்சில் சிரித்தார்கள். அவளை உட்காரச் சொல்லிவிட்டேன்.

மாலையில் டீச்சர்கள் அறை வாசலுக்குத் தன் அப்பாவோடு வந்தாள். அன்று காலை ரயிலில் அவளைக் கொண்டுவந்து விட்டவர் இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை.

"என்னைய இந்த வருசம் இதே கிளாஸ்லயே நிறுத்திருங்க டீச்சர்."

அவர் தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். "வீட்டுல அத்தன பேரும் படுத்துட்டோம் டீச்சரம்மா. கஞ்சி காச்சிக் குடுத்தது, பாத்துக்கிட்டது எல்லாம் இவதான். கடைசிப் பயதான் தங்கல. அதுலருந்து இப்படித்தான் பேசுறா. பெயிலானா, படிச்சது போதும்னு இவ ஆத்தா நிறுத்திப்புடுவா."

"தம்பிக்காகச் சொல்லலய்யா. தெரியாமயே மேல போனா அங்கனயும் தெரியாதுல்ல?"

மறுநாள் சொல்வதாக அனுப்பினேன்.

மறுநாள் வகுப்பில் எல்லாரையும் புத்தகத்தை மூடச் சொன்னேன். கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் தீ எரிந்துகொண்டே இருந்தும் வெப்பமானி ஏன் மேலே ஏறுவதில்லை, சொந்த வார்த்தையில் எழுதுங்கள் என்றேன். 'உள்ளுறை வெப்பம்' என்று எல்லாரும் எழுதினார்கள். அதற்கு மேல் பேனா நகரவில்லை. முந்தின நாள் சிரித்தவர்களில் ஒருத்தி கண் கலங்கி, "காலைலகூட வாசிச்சேன் டீச்சர்" என்றாள்.

அந்தத் தாள்களை ஹெட்மிஸ்ட்ரஸிடம் காட்டி, பாடத்தைத் திரும்ப நடத்த நேரம் கேட்டேன். முதலில் மறுத்தார். பிறகு, பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். நிறுத்தி வைப்பதை முழுப்பரீட்சைக்குப் பிறகு பார்க்கலாம் என்று அவளிடம் சொன்னேன்.

பாடத்தை முதலிலிருந்து தொடங்கினேன். எந்த இடத்தில் புரியவில்லையோ அங்கேயே என்னை நிறுத்தச் சொல்லியிருந்தேன். சில நாள் அவள் மட்டும் நிறுத்தினாள். அப்புறம் இன்னொருத்தி, "எனக்கு அதுக்கும் முன்னாலயே விட்டுப் போச்சு டீச்சர்" என்றாள். இந்த முறை எல்லாரும் சேர்ந்து சிரித்தோம், சொன்னவளும்தான்.

ஒரு மாலை, ஸ்பிரிட் விளக்கின்மேல் தண்ணீர் சூடாகக் காத்திருந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள்: "தம்பிக்கு வெந்நி வச்சிட்டு இப்படித்தான் நின்னுக்கிட்டு இருந்தேன் டீச்சர்." நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள். அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை.

அவளை நிறுத்தி வைக்கத் தேவை வரவில்லை. முழுப்பரீட்சையில் தேறினாள், முதலாவதாக அல்ல. ஆறாம் பாரத்தில் சேர்க்க அவள் ஆத்தாவே வந்திருந்தாள். மகளின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்கு நடந்தாள்.