சுப்பையன் இழுத்த கம்பி

தலையில் இரண்டு வெட்டு, காற்றில் மூன்று வெட்டு. சுப்பையனின் கத்தரி இப்படித்தான் நடக்கும். முடியே இல்லாத இடத்தையும் அது சும்மா விடாது. "எனக்குக் கைக்கும் வாய்க்கும் ஒரே நரம்பு. ஒன்னு நின்னா இன்னொன்னும் நின்னுரும்," என்பார். காஜா பெராங் தெருவில் அவர் கடைக்கு முடி வளர்ந்ததற்காக வருகிறவர்கள் பாதிப் பேர். மற்றப் பாதி பேச்சுக்காக வருகிறது. கிளேபாங் மீன்காரர் விலை கூவுவதையும், கப்பலேறக் காத்திருக்கும் வெள்ளைக்காரத் துரை தும்முவதையும் அவர் குரலிலேயே கேட்கலாம். சவரம் செய்துகொள்கிறவர்கள் சிரிப்பை அடக்கப் படும் பாடுதான் பெரும்பாடு.

கடையைப் பூட்டிப் பின்பக்கச் சந்து வழியாக வீட்டுப் படியில் கால் வைத்ததும் ஆள் மாறிவிடுவார். வீட்டில் அவருக்கு மூன்றே சொற்கள்: 'படி', 'படு', 'ம்'. அதற்குக் காரணம் இருந்தது. அவர் படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை. மகள்கள் சந்திரமதியும் ஜெயாவும் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். மூத்தவளுக்கு வருடக் கடைசியில் அரசாங்கப் பரீட்சை. தவறினால் படிப்பு அதோடு சரி. பாடம் சொல்லிக்கொடுக்கத் தெரியாத தகப்பன் பயத்தையாவது கொடுக்க வேண்டும் என்பது சுப்பையனின் கட்சி.

அந்தப் பயத்துக்கு எதிரியாக வந்தது ரேடியோ. மெர்டேக்கா வருடத்தில், நாடு சுதந்திரமடைவதைக் காதால் கேட்க வேண்டுமென்று அவரே ஆசைப்பட்டு வாங்கிய பெட்டி. நாடு சுதந்திரமடைந்த கையோடு மகள்களும் அடைந்துவிட்டார்கள். அப்பா கடையில் இருக்கும் மாலை வேளையில் ரேடியோ சிலோன் சினிமாப் பாட்டு வீட்டை நிறைத்தது. சுப்பையன் முள்ளைத் திருப்பும் குமிழைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். ஒருநாள் மீதிச் சில்லறையோடு குமிழும் வாடிக்கைக்காரர் கைக்குப் போனதுதான் மிச்சம். பிள்ளைகள் கொண்டை ஊசியை வளைத்து முள்ளைத் திருப்பப் பழகியிருந்தார்கள். ஊசியை எடுத்துக் கொடுத்தவள் அவர் மனைவி பாக்கியலட்சுமி.

மின்சார இலாகாவில் கம்பி இழுக்கும் ரஹீம் ஒரு வழி சொன்னார். "ரேடியோவுலேருந்து ஒரு கம்பி இழுத்துக் கடையில இன்னொரு ஸ்பீக்கரு மாட்டிருவோம்ணே. வூட்ல என்னா பாடுதோ அது இங்கயும் பாடும். வேவுக்கு ஆளே வேணாம்லா."

ரம்புத்தான் மரத்தில் தொற்றிச் சந்துக்கு மேலாக வந்தது கம்பி. கண்ணாடிக்குப் பக்கத்தில், பவுடர் டப்பாக்களுக்கு நடுவே ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்தது. முதல் நாள் பாட்டுக் கேட்டதும் சுப்பையன் கத்தரியோடு வீட்டுக்கு ஓடினார். நாற்காலியில் ஒரு பக்கக் கிருதாவோடு ஒருவர் காத்திருந்தார். அடுத்த முறை, "சரணம் முடியட்டும்ணே, அப்புறம் போய் அடிங்க," என்று கடையே கெஞ்சியது. அதற்கடுத்த முறை கெஞ்ச ஆளில்லை, அவராகவே நின்றுவிட்டார். பாட்டு முடிந்து அவர் போய்ச் சேரும்போது வீட்டில் ரேடியோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தது.

பிறகு திடீரென்று பெட்டி ஊமையானது. நாலைந்து நாளாக மாலை முழுவதும் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. சுப்பையன் மீசையை முறுக்கினார். "பாத்தீங்களா பாய்? பயம் வேல செய்யுது."

அன்று நாற்காலியில் இருந்தவர் ரஹீம்தான். முகமெல்லாம் சோப்பு நுரை. "வூட்லயும் இப்புடித்தான் சிரிக்க வைப்பீங்களாண்ணே?" என்று கேட்டார்.

"வூட்லயா? அங்க நான் மாத்தா மாத்தாலா, போலீஸ்காரன்!" என்று சிரித்தார் சுப்பையன். சிரிப்பு பாதியில் இறங்கியது. "நெசமாச் சொல்லவா பாய்? அதுங்க பொஸ்தகத்தத் தொறந்தா எனக்கு ஒன்னும் வெளங்குறதில்ல. தலகீழாப் புடிச்சிருந்தாக்கூடத் தெரியாது. என்னான்னு கேக்குறது? அதான் மூஞ்ச உம்முன்னு வச்சிக்கிறது. பெரியவ பெயிலாயிட்டான்னா அதுக்கும் நான் மூஞ்சதான் வச்சிக்கணும்."

கனத்துப்போன காற்றைக் கலைக்கச் சுப்பையன் துரை கதைக்குத் தாவினார். "அந்தத் துரை மீசையில கை வச்சேன். ஒரு தும்மல். பாதி மீச போச்சு! கண்ணாடியப் பாத்தாரு. என்னயப் பாத்தாரு. வாயத் தொறந்து..." கத்தியைத் தீட்ட அவர் தோல்வார் பக்கம் திரும்பினார். கடை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அப்புறம் என்னாச்சுப்பா?" என்று கேட்டது பெட்டி.

தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் மெல்லிய குரல். சின்னவள் ஜெயா. பின்னாலேயே சந்திரமதி அதட்டுவதும் கேட்டது: "வாய மூடுடி!"

"அலாமாக்!" என்று நாற்காலியில் நிமிர்ந்தார் ரஹீம். "சொல்ல மறந்துட்டேண்ணே. ரேடியோவ மூடிட்டா இந்தக் கம்பி ரெண்டு பக்கமும் பேசும். ஸ்பீக்கருக்கு வாயும் காதும் ஒன்னுதான்."

பிள்ளைகள் ரேடியோவை மூடிவைத்தது படிப்பதற்காக அல்ல, இவரைக் கேட்பதற்காக. இத்தனை நாளும்.

"தவள தன் வாயால கெட்டுச்சாம்," என்றார் சுப்பையன், கண்ணாடியில் தெரிந்த தன்னைப் பார்த்து. "இந்தத் தவள காசு குடுத்துக் கம்பி போட்டுல்ல கெட்டுச்சு."

அன்றைக்குச் சோற்றில் கைவைத்து அவர் 'ம்' என்று கனைத்ததும் ஜெயாவுக்குப் புரையேறியது. பாக்கியலட்சுமி ரசப் பானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். சந்திரமதி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். "பொஸ்தகத்த நேராதாம்பா புடிச்சிருக்கேன்."

'படி' என்று சொல்ல வாயெடுத்தார். "அந்தத் துர," என்றார் தட்டைப் பார்த்தபடியே, "'நாட்டையே குடுத்தாச்சு, மீசைய வச்சிக்கிட்டு என்னா செய்ய, மத்ததையும் எடுத்துரு'ன்னாரு." வீடு சிரித்தது. ஆனால் பயம் போன வீட்டில் பரீட்சைக்கு யார் காவல் என்ற கேள்வி அவருக்குச் சோற்றோடு இறங்கவில்லை.

மறுநாள் மாலை கம்பியைக் கழற்ற ரஹீமை வரச்சொன்னார். ரஹீம் குறடோடு முக்காலியில் ஏறிவிட்டார். நாற்காலியில் தபால்காரர் ஜெயபாலன், வெட்டியது பாதி, வெட்டாதது பாதி. அப்போது பெட்டி தொண்டையைச் செருமியது.

"அப்பா, இது சரித்திரப் பாடம்," என்றாள் சந்திரமதி. அதன்பின் இங்கிலீஷ் ஓடத் தொடங்கியது. நிறுத்தி நிறுத்தி, ரேடியோவின் முன்பக்கத் துணியில் வாயை வைத்து உரக்கப் படிக்கிறாள் என்பது தெரிந்தது. ஓரிடத்தில் திக்கி, திரும்பப் போய், சரியாகப் படித்தாள்.

"என்னா சொல்லுதுண்ணே?" என்றார் ஜெயபாலன்.

"எவனுக்குத் தெரியும்? பேசாம இருங்கலா," என்றார் சுப்பையன். ரஹீமைக் கீழே இறங்கச் சொல்லிச் சைகை காட்டினார். காற்றாடியை நிறுத்தினார். அப்படியும் ஏதோ ஒன்று குரலை மறைத்தது. டிக், டிக், டிக். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கடைசியில் தன் கையைப் பார்த்தார். மேசைமேல் ஒரு துண்டை விரித்து, விரலிலிருந்து கத்தரியை உருவி, சத்தமில்லாமல் அதன்மேல் படுக்கவைத்தார்.