உறைந்துபோன நோர்வே

பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மார்க்கம் வீதியால் நடந்துகொண்டிருந்தேன். கையில் நோர்வே இருந்தது. கேக் சுடுகிற தகரத் தட்டம் ஒன்றில், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் கடலுமாக அதைச் செய்திருந்தோம். மாசி மாதக் காற்று தட்டத்தைப் பாய்மரம் என்று நினைத்துவிட்டது. என்னைக் கடைகளின் பக்கமாகவும் வாகனங்களின் பக்கமாகவும் மாறி மாறித் தள்ளியது. இரண்டு கைகளும் நோர்வேயைப் பிடித்திருந்ததால் மூக்கைத் துடைக்கவும் வழியில்லை.

என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இனி அந்தப் பக்கம் போவதில்லை என்பது முடிவு. அப்போது எனக்குப் பதினான்கு வயது. பிறகும் பல ஊர்களில் பல வாசல்களை விட்டு அப்படி நடந்திருக்கிறேன். நடப்பதில் பழகிய கால் எனக்கு. ஆனால் அதுதான் முதல் தடவை.

நடந்தது இதுதான். எங்கள் ரீச்சர் ஒரு தொப்பிக்குள் நாடுகளின் பெயர்களை எழுதிப் போட்டு, ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார். எடுத்த நாட்டின் மலைகளையும் கடற்கரையையும் செய்து காட்டி, அங்கே மழையும் குளிரும் எப்படியென்று வகுப்பின் முன்னால் நின்று சொல்லவேண்டும். எனக்கு நோர்வே வந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு அது வெறும் பள்ளிக்கூட ஒப்படை. எனக்கு அப்படியில்லை. யாழ்ப்பாணத்தில் பாதிப் படிப்பு, குண்டுக்குப் பயந்து ஒளித்த பங்கருக்குள் போய்விட்டது. கொழும்பில், வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனைப் பார்த்துக்கொண்டு லொட்ஜில் இருந்த காலத்தில் மீதியும் போயிற்று. இந்த ஒப்படையையும் கோட்டைவிட்டால் அடுத்த வருடமும் அதே வகுப்பில் இருக்கவேண்டிவரும் என்று ரீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். ஒரு வகுப்புக் கீழே என் தங்கை படித்துக்கொண்டிருந்தாள். செய்தி கேட்டதும் அவள் என்னிடம் தனியாக வந்தாள்.

"அண்ணா, நீ என்ர கிளாஸுக்கு வந்தா என்னைத் தெரியாதெண்டு சொல்லு. பிளீஸ்."

இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், நான் மலையைக் கண்டதேயில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் கீரிமலை என்று ஓர் இடம் இருக்கிறது. கடலும் கேணியும் கோயிலும் உண்டு. மலை மட்டும் இல்லை. பனைமரத்தைவிட உயரமாக அங்கே நிலம் எழும்பியதாக யாரும் சொன்னதில்லை. நாங்கள் வந்து சேர்ந்த ரொறன்ரோவும் மேசைபோலத்தான் கிடந்தது.

மாமா இருந்தது என் அதிர்ஷ்டம். அம்மாவின் கடைசித் தம்பி. கனடாவுக்கு வருவதற்கு முன்னர் நோர்வேயின் வட தொங்கலில், ஒரு மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர். ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் நாங்கள் இருந்த பேஸ்மென்ற்றின் சோபாதான் அவருக்குக் கட்டில். எந்த வேலையிலும் ஒரு பருவத்துக்குமேல் நிற்கமாட்டார். கோழி வெட்டினார், காருக்குக் கதவு பூட்டினார், பெட்டி அடுக்கினார். அந்த வாரம் பெட்டி அடுக்குவதையும் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கனடாவின் மேற்குத் தொங்கலில் இருக்கிற வன்கூவருக்குப் போக பஸ் ரிக்கற் வாங்கிவிட்டார்.

"அங்க மலையும் கடலும் கிட்டக்கிட்ட இருக்காம் அக்கா. குளிரும் இஞ்சை மாதிரி இல்லையாம்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தத்தில்தான் எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னர் நோர்வே முடியவேண்டும், அவ்வளவுதான்.

மாவும் உப்பும் தண்ணீரும் சேர்த்துக் குழைத்து மலை பிடிக்கும்படி ரீச்சர் தந்த தாளில் இருந்தது. வீட்டில் பச்சைக் கோதுமை மா இருக்கவில்லை. பிட்டுக்கும் இடியப்பத்துக்குமாக அம்மா கிழமைக்கொரு தடவை மாவை அவித்து அரித்து வைத்துவிடுவார். அந்த அவித்த மாவில்தான் மலையைப் பிடித்தோம். பிட்டு உதிர்ந்து வரவேண்டும் என்று அவித்த மா, மலை என்றால் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்குமா? ஹீற்றருக்குப் பக்கத்தில் காயவைத்தபோது கரை முழுவதும் வெடித்துப் பிளந்தது. சில வெடிப்புகள் நாட்டின் நடுப்பகுதிவரை போயின. எனக்கு அழுகை வந்தது. மாமா குனிந்து பார்த்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"தொடாத. உப்பிடித்தான் இருக்கும். கடல் மலைக்குள்ள பூந்து பூந்து கிடக்கும். கப்பலில போனா, ரெண்டு பக்கமும் மலை. அண்ணாந்து பாத்தா வானம் ஒரு நாடா மாதிரி. கொம்மாவின்ர மா செய்த நோர்வே நல்ல நோர்வே."

அம்மாவுக்கு அது காதில் விழுந்தது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு நான் வகுப்பில் சொல்லவேண்டியதை மாமா சொல்லித் தந்தார். மேகம் கடலில் இருந்து வந்து மலையில் முட்டி மேற்குப் பக்கத்திலேயே எல்லா மழையையும் கொட்டிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு மிச்சம்தான். மாரியில் அவர் இருந்த ஊரில் சூரியன் வாரக்கணக்கில் எழும்பவே எழும்பாது. மீனைத் தலையை வெட்டி மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். உப்பும் போடுவதில்லை, வெயிலும் இல்லை, காற்றிலேயே அது கருவாடாகும். அம்மா இதைக் கேட்டுப் பேசாவிரதத்தை ஒரு கணம் மறந்தார்.

"உப்புமில்லாம வெயிலுமில்லாமக் கருவாடோ? ஆரிட்ட விடுறாய் கதை?"

"சத்தியமா அக்கா. நானே தூக்கிக் கட்டினனான்."

கடைசியாகக் கடலைப்பற்றிச் சொன்னார். அவ்வளவு வடக்கில் இருந்தும் அந்தக் கடல் உறையாது. தூரத்தில் வெயில் எரிக்கிற நாடுகளில் சூடேறிய தண்ணீர், கடலுக்குள் ஓர் ஆறுபோல ஓடி அங்கே வந்து சேர்கிறது என்றார். வேலை முடிந்தால் இறங்குதுறைப் படியில் இருந்து கையுறையைக் கழற்றித் தண்ணீருக்குள் கை வைத்துப் பார்ப்பாராம். "எங்கட பக்கத்துத் தண்ணி மருமோன். பருத்தித்துறையில தொட்ட தண்ணிதான் சுத்திச் சுத்தி அங்க வருது."

இரவு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பா சப்பாத்தைக் கட்டியபடியே நிமிர்ந்தார். "மச்சான், இஞ்ச இருக்கிற குளமே உறையுது. வட துருவத்தில கடல் உறையாதாம். டேய், உவன் புளுகுறான். உதைப் போய்ப் பள்ளிக்கூடத்தில சொல்லாத."

நான் மாமாவைத்தான் நம்பினேன். மலைக்குள் வீட்டு உப்பு முழுவதும் போய்விட்டதால், கடலுக்குக் குழாய்த் தண்ணீரை விட்டு, தங்கையின் நீல மையைக் கரைத்தோம்.

அடுத்த நாள் தட்டத்தை ஒரு பொலித்தீன் பையால் மூடிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். முதலில் கடல் தளம்பித் தளம்பி என் கையுறையை நனைத்தது. பாதி வழியில் அது தளம்பாமல் நின்றுவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் நடை சீராகிவிட்டது என்று நினைத்தேன்.

என் முறை வந்தது. பையை நீக்கிவிட்டு, பாடமாக்கிய ஆங்கிலத்தை ஒப்புவிக்கத் தொடங்கினேன். மலை சரியாகப் போனது. மழை சரியாகப் போனது. இந்த நாட்டின் கடல் எந்தக் குளிரிலும் உறைவதில்லை என்று சொன்னபோது, முன்வரிசைப் பொடியன் ஒருவன் எட்டிப் பென்சிலால் என் கடலைத் தட்டினான். டொக் டொக் என்றது. வகுப்பு மேசையில் அடித்துச் சிரித்தது. அதில் ஐஸ் ஹொக்கி விளையாடலாம் என்றான் ஒருவன். ரீச்சர் அவர்களை அடக்கிவிட்டு, ஏன் உறையாது என்று என்னிடம் தணிவாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். ஆங்கிலம்தான் போய்விட்டது. தட்டத்தைத் தூக்கினேன். வாசலில் அவர் என் பெயரைக் கூப்பிட்டது கேட்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்குப் போகமுடியாது. அப்பா வேலை முடித்து வந்து நித்திரையாக இருப்பார். மாமா பகலில் இருக்கிற இடம் எனக்குத் தெரியும். பிளாசாவில் இருந்த டோனட் கடைக் கண்ணாடிக்குப் பின்னால், ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு வீதியைப் பார்த்தபடி இருந்தார். தட்டத்தை அவர் முன்னால் வைத்தேன். அவரும் ஒரு விரலால் தட்டிப் பார்த்தார்.

"மருமோன், உது நோர்வே இல்லை. உது ஸ்காபரோ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகத்தை மாற்றிக்கொண்டார். "ரீச்சர் என்ன கேட்டவ?"

"ஏன் உறையாதெண்டு."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னாச் சிரிப்பினம்."

"சிரிக்கட்டுமன். சிரிச்சு முடிஞ்சாக் கேப்பினம்."

வெளியே வாகனத் தரிப்பிடத்தில், போத்துக்கீசக் கிழவர் ஒருவர் தன் ட்ரக்கில் இருந்து மண்வெட்டியால் உப்பை அள்ளி, ஐஸ் உருகட்டுமென்று நிலத்தில் எறிந்துகொண்டிருந்தார். மாமா கோப்பிக் கோப்பையைக் காலியாக்கிவிட்டு எழும்பி வெளியே போனார். நானும் தட்டத்தோடு பின்னால் போனேன். இரண்டு பேரின் ஆங்கிலமும் அரைகுறை. ஆனால் கிழவர் உறைந்த கடலைப் பார்த்த உடனேயே விளங்கிக்கொண்டார். கோப்பை நிறைய உப்பைப் போட்டுத் தந்தார். பிறகு, தன்னோடு நின்ற ஆள் போய்விட்டதாகவும், வேலைக்கு வர விருப்பமா என்றும் மாமாவிடம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வன்கூவருக்குப் போகிறேன் என்றார் மாமா. அங்கே பனியும் இல்லை, எனக்கு வேலையும் இல்லை என்று கிழவர் கையை விரித்தார்.

அன்றிரவு கோப்பை உப்பையும் சுடுதண்ணீரில் கரைத்துப் புதுக்கடல் ஒன்றை ஊற்றி, தட்டத்தைக் கொல்லைப்புறப் பனிக்கு மேல் வைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் வேலையால் வந்த அப்பாதான் முதலில் போய்ப் பார்த்தார். விரலை விட்டு எடுத்து நக்கினார்.

"உறையேல்லைத்தான். உவ்வளவு உப்பைப் போட்டா எதுதான் உறையும்?"

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. தான் வென்றதாகவே வைத்துக்கொண்டார். பள்ளிக்கூட வாசல்வரை தட்டத்தின் ஒரு பக்கத்தை அவர்தான் பிடித்துக்கொண்டு வந்தார்.

ரீச்சர் முதல் நாளைப்பற்றி எதுவும் கேட்காமல் என்னை மறுபடியும் முன்னால் கூப்பிட்டார். அதே பொடியன் பென்சிலை நீட்டினான். பென்சில் கடலுக்குள் இறங்கியது. வகுப்பு வாயைப் பிளந்தது. ரீச்சர் மட்டும் அசையவில்லை. கனடாவின் வடக்கிலும் கடல் உப்புத்தான், ஆனாலும் அது உறைகிறதே, ஆகவே உப்பு காரணமாக இருக்கமுடியாது, அப்படியானால் வேறு என்ன என்று கேட்டார். மாமாவின் தந்திரம் அதோடு முடிந்தது. இனி எனக்கு உண்மையைத் தவிர வேறு வழியில்லை. சூடான நாட்டில் இருந்து கடலுக்குள் ஓர் ஆறு வருகிறது என்றேன். என் மாமா வேலை முடிந்ததும் கை வைத்துப் பார்ப்பார் என்றேன். அது எங்கள் ஊரில் இருந்து வருகிறது என்றும் சொன்னேன். சிரித்தார்கள். முதல் நாளைப்போல ஓடவில்லை, நின்றேன். மாமா சொன்னதுபோலச் சிரித்து முடிந்ததும் கேட்டார்கள்.

ரீச்சர் உலகப் படத்தை விரித்து, மெக்சிக்கோவுக்குப் பக்கத்தில் இருந்து அத்திலாந்திக் கடலைக் கடந்து நோர்வேவரை விரலால் ஒரு நீளக் கோடு இழுத்தார். ஆறு சரி, ஊர்தான் பிழை என்றார். பிறகு மலைக்கரையைத் தடவிப் பார்த்து, இந்த வெடிப்புகளை எப்படிச் செய்தாய் என்று கேட்டார். அவித்த மாவை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சும்மா சிரித்தேன். சித்தியடையப் போதுமான புள்ளி கிடைத்தது. அதற்குமேல் ஒரு புள்ளியும் இல்லை. வெயில் காலத்தில் செய்யவேண்டிய அடுத்த ஒப்படையை இப்போதே யோசித்துவை என்றும் சொன்னார்.

அன்று பின்னேரம் அம்மா மீன் வாங்கிக் குழம்பு வைத்தார். தங்கை என்னை மறுபடியும் தெரிந்தவள்போல நடத்தினாள். நான் சோற்றுக்கோப்பையில் விரலால் கோடு இழுத்து, தண்ணீர் வருகிற வழியை மாமாவுக்குக் காட்டினேன்.

"அப்ப எங்கட பக்கத்துத் தண்ணி இல்லையோ?"

"இல்லையாம் மாமா."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "ரீச்சர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். பிறகு, "அவ்வளவு காலமும் நான் பிழையான தண்ணிக்குள்ள கை வைச்சிருக்கிறன்" என்றார். அப்பா பெரிதாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. சட்டியைத் துழாவி நடுத்துண்டு ஒன்றை எடுத்து மாமாவின் சோற்றில் வைத்து, "சாப்பிடு" என்றார். கருவாட்டுக் கதைக்குப் பிறகு அவர் மாமாவைப் பார்த்து நேராகச் சொன்ன சொல் அதுதான்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்னர் மழை பெய்து, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்துகொண்டிருந்தது. சமையலறை வெளிச்சத்தில் கண் விழித்தேன். மாமா அப்பாவின் பழைய சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவருக்குப் பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றினார். வாசலில் உப்பு ட்ரக் உறுமியது. நாளைக்கு வன்கூவர் இல்லையா என்று நித்திரைக் கலக்கத்தில் கேட்டேன்.

"பனி முடியட்டும்" என்றார்.

இந்த மழைக்கு பஸ் ஓடாது, அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு போர்வையை இழுத்து மூடினேன். உப்பு வேலையில் நல்ல சம்பளமாக இருக்கவேண்டும் என்றும் நினைத்தேன். பின்னாளில் நானும் எத்தனையோ ஊருக்கு ரிக்கற் வாங்கியிருக்கிறேன், வாங்கிய ஒன்றையும் வீணாக்கியதில்லை. கிளம்ப நினைத்த ஒருவர் நிற்பதென்றால் என்னவென்று அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்? மாமாவுக்கு வேலை கிடைத்துவிட்டது, அதுதான் தெரிந்தது. போத்துக்கீசக் கிழவரின் ட்ரக்கின் பின்னால் நின்று, பிளாசா பிளாசாவாக, ஆட்கள் வழுக்கி விழாமல் நிலத்துக்கு உப்பு எறிகிற வேலை. அன்றைக்குத் தொடங்கினவர் பங்குனி முடியும்வரை ஒரு நாளும் வேலையை விடவில்லை.