கணக்கில் வராத பெண் எலிகள்

1. மேல் தட்டு

ஆடி மழையில் ஒரு திங்கட்கிழமை காலை எலி அறையைத் திறந்தேன். மேல் தட்டுக் கூண்டுகளில் வெள்ளை எலிகள் மறுபடியும் செத்துக் கிடந்தன. கீழ்த் தட்டில் இருந்தவை உமியைக் கிளறி விளையாடிக்கொண்டிருந்தன.

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அப்போது நான் லேப் அசிஸ்டென்ட். மதுரையில் பயிற்சி முடித்து வந்த புதிது. இரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எலி ஆகிய மூன்றும் என் பொறுப்பு. இப்போது பயிற்சிக்கு வரும் பெண்கள் எலியைப் பிடிக்கப் பயமாக இருக்காதா என்று கேட்கிறார்கள். எலி கடித்தால் அயோடின் தடவினால் போதும். மற்ற தொல்லைகளுக்கு மருந்து கிடையாது என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் பெரிய டாக்டர் கோட்டயத்துக்காரர். மலைக்காய்ச்சலில் தளர்ந்த கொழுந்து பறிக்கும் பெண்களுக்காக ஒரு டானிக் கண்டுபிடித்திருந்தார். அதை முதலில் எலிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பாதி எலிக்கு டானிக், பாதி எலிக்கு வெறும் தண்ணீர். எல்லாம் ஆண் எலி. பெண் எலிக்கு நாலைந்து நாளைக்கு ஒருமுறை உடம்பும் குணமும் மாறும், அதை வைத்துக் கணக்குப் போட முடியாது என்று அவர் ஏதோ சஞ்சிகையில் படித்திருந்தார். ஆண் எலிகளோ நாள் தவறாமல் ஒன்றன் வாலை ஒன்று கடித்துக் குதறின. அது குணம் மாறுவதில் சேராது, வீரத்தில் சேரும்.

எனவே எங்கள் லேபில் எலி என்றால் ஆண் எலி. பெண் எலிகள் குட்டி போட வைத்திருந்தவை. சாமான் பதிவில் வாளிக்கும் துடைப்பத்துக்கும் நடுவில் அவற்றின் பெயர் இருந்தது. அறையின் ஒரு சுவருக்குப் பின்னால் சமையலறை அடுப்பு. அந்தச் சூட்டில் மேல் தட்டு ஆண்களுக்கு, ஈரத் தரையை ஒட்டிய கீழ்த் தட்டு பெண்களுக்கு.

2. குற்றவாளி

டானிக் குடித்தவையும் தண்ணீர் குடித்தவையும் ஒன்றுபோலச் செத்ததில் டாக்டருக்குப் பெரிய நிம்மதி.

"தண்ணி குடிச்ச எலியும் செத்துல்லோ. அப்போ டானிக் மேல குற்றமில்ல. தீனி கொடுக்குந்ந ஆள் மேலயாணு குற்றம்."

தீனி கொடுத்தவர் சுடலை. தென்காசிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். மாதக் கடைசியோடு அவர் பெயரைச் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டிலிருந்து வெட்டச் சொல்லி டாக்டர் உத்தரவு போட்டார். எஸ்டேட்டில் ஆணின் பெயர் வெட்டினால், கம்பெனி கொடுத்த லயத்து வீடும் போய்விடும். மனைவி பேச்சி கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, பிள்ளைகளோடு அந்த மழையில் மலையிறங்க வேண்டியதுதான்.

கீழ்த் தட்டு எலிகளுக்கும் அதே ஆள்தானே தீனி போடுகிறார் என்று டாக்டரிடம் கேட்டேன்.

"அது பெண் எலியல்லே, மிஸ்ஸே. எக்ஸ்பெரிமெண்டுல பெட்டதல்ல. அதை எண்ணண்டா."

பரிசோதனையில் சேராதவை, எண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவை கண்முன்னே ஓடிக்கொண்டிருந்தன.

அன்று மாலை பேச்சி லேப் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. கூடைக்கயிறு பதிந்த நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "செத்ததுக்கு எம் புருசந்தான் காரணம்னு சொல்லுதாவ. சரி, இருக்கட்டும். சாகாம இருக்கே, அதுக்கு யாரு காரணமாம்? அதுக்குன்னு பெரிய டாக்டரா வந்து தீனி போட்டாவ?"

சுடலை அவளை அடக்கப் பார்த்தார். "ஏட்டி, சும்மா இரு. மிஸ்ஸம்மாட்ட என்னத்துக்குச் சண்டை?"

"சண்டை போடலய்யா. கேக்கேன். படிச்சவுகதானே."

3. மூக்கும் சிறுநீரகமும்

படித்தவள் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. செத்த ஆண் எலிகளை அறுத்துப் பார்த்தேன். வயிற்றில் தீனி சரியாக இருந்தது. சிறுநீரகம் மட்டும் வெளிறி வீங்கியிருந்தது. கீழ்த் தட்டிலிருந்து ஒரு பெண் எலியைக் கொன்று அறுத்தேன். அதன் சிறுநீரகத்தில் குறையில்லை.

தீனி ஒன்று, தண்ணீர் ஒன்று, ஆள் ஒன்று. மிச்சம் இருந்தது காற்று. அதை யோசித்தபோதுதான் அறையில் அவ்வப்போது வீசும் இனிப்பு வாசனை நினைவுக்கு வந்தது. ஆபரேஷன் நாட்களில் அது அதிகம். சாவு அதற்கு இரண்டொரு நாள் கழித்து வரும்.

மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் காய்ந்த இடம் எலி அறை ஒன்றுதான். நர்சுகளின் காலுறை முதல் மயக்கமருந்து கொடுக்கும் முகமூடித் துணிவரை எல்லாம் அங்கேதான் காயும். கம்பவுண்டர் ஞானமுத்து பெரிய பாட்டிலிலிருந்து சின்னப் பாட்டில்களுக்கு, அந்த இனிப்பு வாசனையுள்ள மயக்கமருந்தான குளோரோஃபார்மை ஊற்றுவதும் அங்கேதான். சூடான இடத்தில் வைக்கக்கூடாது என்று அந்தப் பாட்டில் மேலேயே அச்சடித்திருந்தது. ஆனால் கம்பவுண்டருக்கு வாதம். அவருக்குச் சூடு வேண்டும். கை நடுங்கிச் சிந்துவதை அந்தச் சுவர் உடனே ஆவியாக்கிவிடும்.

அந்த ஆவிதான் ஆண் எலிகளைக் கொல்கிறது போலிருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார்.

"இத்தன வருசமா மோந்துக்கிட்டு இருக்கேன் மிஸ். நானும் ஆம்பளதான். செத்தா போயிட்டேன்?"

"உங்களை நான் இன்னும் அறுத்துப் பார்க்கலையே சார்."

அதன்பிறகு அவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. வசதியாகப் போயிற்று. அவர் வழக்கப்படி ஊற்றட்டும் என்று விட்டுவிட்டு என் வேலையைச் செய்தேன். புதிதாக வந்த ஆண் எலிகளில் பாதியைத் துணிமணி வைக்கும் அறைக்கு மாற்றி, அங்கேயும் சூடு குறையாமல் இருக்கக் கூண்டுகளைச் சுற்றி வெந்நீர்ப் பைகள் வைத்தேன். மீதியை எலி அறையிலேயே மேல் தட்டில் விட்டேன். மேல் தட்டினால் வந்த வினை என்று யாரும் சொல்லக்கூடாதே. அதனால் பெண் எலிகளையும் அவற்றின் பக்கத்தில் மேல் தட்டுக்கு ஏற்றினேன். எல்லாவற்றுக்கும் சுடலையே தீனி போட்டார், ஒரே சாக்கிலிருந்து.

ஆபரேஷன் நாள் வந்தது, போயிற்று. அந்த வாரக் கடைசியில் எலி அறையில் ஆண் எலிகள் எல்லாம் செத்திருந்தன. அவற்றின் பக்கத்திலேயே பெண் எலிகள் எல்லாம் பிழைத்திருந்தன. துணி அறையில் ஆண் எலிகள் கொழுகொழுவென்று ஒன்றன் வாலை ஒன்று கடித்துக்கொண்டிருந்தன.

அந்த ஆவி ஆணைக் கொன்று பெண்ணை ஏன் விடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்ட பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் தீனிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்பது தெரிந்துவிட்டது.

4. தீர்ப்பு

டாக்டர் மூன்று கூட்டத்தையும் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் நேர்மையானவர், கண்ணால் கண்டதை மறுக்கவில்லை. குளோரோஃபார்மை அன்றே வெளியேற்றினார். கம்பவுண்டருக்கு ஒரு கம்பளிக் கையுறை சாங்ஷன் ஆயிற்று.

பிறகு கம்பெனிக்கு அறிக்கை எழுதினார். டைப் அடித்தது நான். அதன் சாரம் இதுதான்: சாதாரண எலிகள் அனைத்தும் இறந்துபோகும் சூழ்நிலையிலும் பெண் எலி பிடிவாதமாக உயிரோடிருக்கிறது. ஆகவே அதை ஆராய்ச்சிக்கு நம்ப முடியாது.

சுடலையின் பெயர் வெட்டும் உத்தரவு என்ன ஆயிற்று என்று கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உத்தரவு மாற்றான் பற்றில்ல, மிஸ்ஸே. கையொப்பு வச்சுபோயி."

கையெழுத்து வைத்த உத்தரவை மாற்றினால் ஆஸ்பத்திரிக்கு மரியாதை என்ன ஆகும் என்று விளக்கினார். நான் அங்கேயே நின்றேன். நான் நகரவில்லை என்று கண்டு, அவரே ஒரு வழி சொன்னார்.

மாதக் கடைசியில், ஆண் எலிகளுக்குத் தீனி போடும் சுடலையின் பெயர் உத்தரவுப்படி வெட்டப்பட்டது. அதே மேசையில், அதே பேனாவால், பெண் எலிகளுக்குத் தீனி போடச் சுடலை என்ற ஒருவர் சேர்க்கப்பட்டார். ஆண் எலிகளுக்குத் தகுந்த ஆள் கிடைக்கும்வரை அவற்றையும் அவரே தற்காலிகமாகக் கவனிக்க வேண்டியது. நான் அந்த வேலையை விட்டு வரும்வரை தகுந்த ஆள் கிடைக்கவில்லை. யாரும் தேடவுமில்லை.

செய்தி சொல்ல லயத்துக்குப் போனேன். சட்டி பானையெல்லாம் மூட்டையாகக் கட்டியிருந்தது. பேச்சி கேட்டுவிட்டு, ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்துக் காப்பிச் சட்டியை எடுத்தாள். மற்ற மூட்டைகளை மறுநாள்தான் பிரித்தாளாம், என் வார்த்தையை அந்த அளவுக்குத்தான் நம்பினாள். அது சரியான அளவு.

பயிற்சிக்கு வரும் பெண்களுக்குச் சொல்வது இதுதான். எந்த லேபில் சேர்ந்தாலும், எவற்றை எண்ண வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள் எனக் கேளுங்கள். முதலில் அவற்றை எண்ணுங்கள்.