மரவள்ளிச் சாமியின் நெற்றி

அன்று அந்த அறைக்குள் இருந்தது நாலு பேர்: நான், என் மனைவி, மகள், வாசலோரக் கதிரையில் காவலுக்கு இருந்த பெண். கரீபியன் தீவொன்றில் மகளுக்கு ஒரு வருட ஆஸ்பத்திரி வேலை. அவளைப் பார்க்க சிட்னி செவன் ஹில்ஸிலிருந்து போயிருந்தோம். மழைக்கு ஒதுங்கத்தான் தொல்பொருள் மியூசியத்துக்குள் நுழைந்தது.

எனக்கு வீட்டில் வெளிக்கிடும்போதே பயம். திரும்பி வந்ததும் சிட்டிசன்ஷிப் நேர்முகம். வேறு நாட்டில் பொலிஸ் பிரச்சினை ஏதும் உண்டா என்று கேட்பார்களாம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒஃபிஸ் கேள்வி என்றாலே தடுமாறுவேன். அகதியாக வந்து இத்தனை வருடம் காத்திருந்தது ஒரு சின்னப் பிழையால் போய்விடக் கூடாது.

நடுவில், கண்ணாடி இல்லாத மேடையில், முகம் செதுக்கிய ஒரு கல். வெள்ளைக்காரரின் கப்பல் வருமுன் அங்கே இருந்த சனம், கிழங்கு நல்லாய் விளைய அதை மரவள்ளித் தோட்டத்தில் புதைத்து வைக்குமாம். மகள்தான் பலகையை வாசித்துச் சொன்னாள். நான் சட்டி பானைகள் பக்கம் திரும்பினேன். அதற்குள் மனைவி கைப்பையிலிருந்த திருநீற்றுக் கடதாசிச் சரையைப் பிரித்து, கல்லின் நெற்றியில் மூன்று விரலால் இழுத்துவிட்டாள்.

“தோட்டத்துக்குக் காவல் நிண்ட சாமி. வெறும் நெத்தியோட விடுறதே?”

காவல் பெண் ரேடியோவை எடுத்தாள்.

“பொலிசுக்கோ சொல்லுறா?” என்று மகளிடம் கேட்டேன்.

“ஒஃபிசுக்கு அப்பா. நீங்கள் வாய் திறவாமல் நில்லுங்கோ.”

வந்த அதிகாரி மெல்லிய தூரிகையால் தட்டிப் பார்த்தார். துளைகளுக்குள் தூள் இறங்கிவிட்டது, அதற்கென்று படித்த ஆள் வந்துதான் எடுக்க வேண்டும், நூற்றெண்பது அமெரிக்க டொலர் வரும், செலவு எங்களுடையது என்றார். மகள் மன்னிப்புக் கேட்டு, அங்கேயே கட்டுகிறோம் என்றாள். வேலை முடிந்த பிறகுதான் பில் என்று, என் சிட்னி விலாசத்தை எழுதிக்கொண்டார். பொலிஸ் என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூடின பயம்.

வெளியே வரும்போது காவல் பெண் சிரித்துக்கொண்டு, சாமியிடம் என்ன கேட்டீர்கள் என்று மனைவியை விசாரித்தாள்.

“இந்த மனுசன்ர பயம் போகவேணும் எண்டு கேட்டனான். சொல்லு பிள்ளை,” என்றாள் மனைவி, மகளிடம்.

போகவில்லை. பில்லும் வரவில்லை. மகள் மியூசியத்துக்கு எழுதின இமெயிலுக்கும் பதில் இல்லை. தபால்பெட்டியை ஒரு நாளைக்கு இரண்டு தரம் திறந்து பார்க்கிறேன். நேர்முகம் வரும் செவ்வாய். கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கோ என்கிறாள் மனைவி. சொல்லத்தான் போகிறேன், தொகையோடு: நூற்றெண்பது அமெரிக்க டொலர், இன்னும் கட்டவில்லை.